மூன்று நாள், 14 இடம், 9 உணவகம்: எதை வெட்டுவது?

வெள்ளி இரவு போய்ச் சேர்ந்து திங்கள் மாலை கிளம்புகிறீர்கள், முட்டிவலி உள்ள அம்மாவும் கூட வருகிறார். பயணப் பட்டியலில் உள்ள 14 இடம், 9 உணவகத்தில் எதை வெட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டுவதற்கு முன் எல்லா இடங்களையும் கைபேசி வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று கொத்துகளாகத்தான் விழும். நாளுக்கு ஒரு கொத்து, அவ்வளவுதான். தனியாக ஒரு மூலையில் கிடப்பது எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். போய்வரவே அரை நாள் போய்விடும்.

திங்கள்தான் வில்லங்கம். நிறைய ஊர்களில் அருங்காட்சியகங்களுக்கு அன்றுதான் வார விடுமுறை. அரசு விடுமுறை என்றால் சில திறந்திருக்கும், அதனால் அந்தந்த இடத்தின் இணையதளத்தில் தேதியைப் போட்டுப் பாருங்கள். நேரம் குறித்த நுழைவுச்சீட்டு இருந்தால் காலை முதல் நேரத்தை எடுங்கள், கூட்டம் குறைவு. பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் சக்கர நாற்காலி தருவார்கள். அம்மா வேண்டாம் என்றுதான் சொல்வார். நீங்கள் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சரி, சாப்பாடு. ஒன்பது உணவகத்துக்கு வயிறு இடம் கொடுக்காது. நாளுக்கு ஒரு வேளை மட்டும் முன்பதிவு செய்யுங்கள், அதுவும் மதியம். அதே சமையலறை இரவைவிட மதியத்தில் பெரும்பாலும் மலிவு, மேசையும் எளிதில் கிடைக்கும். ஆனால் பல உணவகங்கள் மூன்று மணிவாக்கில் மூடிவிட்டு இரவுக்குத்தான் திறக்கும், இரண்டுக்குள் உட்கார்ந்துவிடுங்கள். மற்ற வேளைக்கு வழியில் கண்ணில் படுவது போதும்.

அப்புறம், திங்களன்று அறையைக் காலி செய்த பிறகு பெட்டிகளை வைத்துக்கொள்வார்களா என்று விடுதியில் இப்போதே கேட்டுவிடுங்கள்.