ஐந்து மாதமாக மாதவிலக்கு இல்லை, ஆனாலும் தினமும் ஓடுகிறேன்

மேடம், வணக்கம்.

எங்கள் ஊர் திருவையாறு பக்கம். அப்பா விவசாயி. நான் ராணுவ மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு கேடட். பள்ளியில் படிக்கும்போதே 3,000 மீட்டர் ஓடுவேன். வருகிற ஜனவரியில் மும்பையில் முழு மாரத்தான் ஓட வேண்டும் என்று பயிற்சி எடுக்கிறேன்.

காலை 4 மணிக்கு எழுந்து ஓடிவிட்டு, 6 மணிக்கு பி.டி.யில் போய் நிற்பேன். அப்புறம் வகுப்பு, வார்டு, சில நாள் சாயங்காலம் டிரில். படுக்க இரவு 12 ஆகிவிடும். பிப்ரவரியில் வாரம் 35 கி.மீ. ஓடினேன், ஏப்ரலில் 60 ஆக்கினேன். கல்லூரியில் சேரும்போது 53 கிலோ இருந்தேன், இப்போது 47. உயரம் 160 செ.மீ. எடை இறங்க இறங்க முதலில் வேகம் கூடியது. இப்போது பழைய வேகத்துக்கே மூச்சு வாங்குகிறது. பார்மகாலஜி இன்டர்னலில் மார்க் சரிந்துவிட்டது. படித்த பக்கத்தையே மறுபடி மறுபடி படிக்கிறேன், எதுவும் நிற்பதில்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழுகை வருகிறது.

இடது கெண்டைக்காலின் உட்பக்கம், கணுக்காலுக்கு ஒரு ஜாண் மேலே, எலும்பில் விரல் நுனி வைக்கும் அளவு இடத்தில் வலி. இப்போது படுத்திருந்தாலும் வலிக்கிறது. எம்.ஐ. ரூமுக்குப் (ராணுவ மருத்துவ அறை) போனால் மெடிக்கல் கேட்டகரி, அதாவது ராணுவ உடல்தகுதித் தரம், இறங்கிவிடும் என்று சீனியர்கள் சொன்னதால் போகவில்லை. ஐந்து மாதமாக மாதவிலக்கும் வரவில்லை. லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். "வந்த நாள்லேர்ந்து ஒரு நாள் விடாம வெளக்கேத்துறியே, உன் கணக்கு என்னாச்சு?" என்று அம்மா நேற்று கேட்டார். பேச்சை மாற்றிவிட்டேன். சொன்னால் ஓடவே விடமாட்டார். அப்பாவோ டீக்கடையில் எல்லாரிடமும் "எம் பொண்ணு 42 கிலோமீட்டர் ஓடப் போறா" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

ஓடாத நாளில் சாப்பிட மனசே வருவதில்லை. யாரும் ஆர்டர் போடாத நேரம் எனக்கு ஓடும் அந்த ஒரு மணி நேரம்தான். எனக்கு மன உறுதி குறைந்துகொண்டே போகிறதா? மனதைத் திடப்படுத்த வழி சொல்லுங்கள். தயவுசெய்து ஓட்டத்தை விடச் சொல்லாதீர்கள்.

— பெயர் வேண்டாம், தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள மாணவிக்கு,

நாலு மணி நேரம் தூங்கிவிட்டு, வலிக்கிற காலோடு வாரம் 60 கி.மீ. ஓடுகிறவருக்கு மன உறுதி குறைச்சல் என்று நான் சொல்ல மாட்டேன். கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. மனதைத் திடப்படுத்தும் பயிற்சி எதையும் இப்போது உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போவதில்லை. அது உங்களை இன்னும் ஒரு மாதம் ஓட வைத்து எலும்பை முறித்துவிடும்.

வேகம் நின்றது, படிப்பு நிற்காதது, அழுகை, கால் வலி, மாதவிலக்கு என்று ஐந்து தனித்தனிக் குறைகளாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்துக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். நீங்கள் ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடும் தூக்கமும் பற்றவில்லை. மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தானே? உடம்பும் அப்படித்தான் முறை வைக்கிறது. இதயத்துக்கும் தசைக்கும் கொடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் மாதவிலக்குக்கும் எலும்புக்கும் விடும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இந்த நிலைக்கு 'ரெட்-எஸ்' (விளையாட்டில் வரும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. ஆண் ஓட்டக்காரர்களுக்கும் இது வரும். அவர்களுக்கு மாதவிலக்கு போல வெளியே தெரியும் அடையாளம் இல்லாததால் இன்னும் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 47 கிலோவில் கொழுப்பைக் கழித்தால் சுமார் 38 கிலோ. ஓட்டச் செலவு போக, இந்த 38-ல் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 45 கலோரி மிஞ்ச வேண்டும், அது 1,710. ஒரு கி.மீ. ஓட, உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 1 கலோரி செலவு. வாரம் ஆறு நாள் ஓடுவதாக வைத்தால் நாளுக்கு 10 கி.மீ., 470 கலோரி. பி.டி., டிரில் இரண்டுக்கும் குறைத்து மதிப்பிட்டாலும் 200. ஆக, ஓடும் நாளில் 2,380 கலோரி வேண்டும். ஓட்டத்தை முடித்து நேராக பி.டி.க்குப் போகும் உங்களைப் போன்றவர்கள் காலைச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு, இரவு இரண்டு சப்பாத்தியோடு முடித்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் நாளுக்கு 1,700 தேறும். செலவு போக மிஞ்சுவது கிலோவுக்கு 27. இந்த எண் 30-க்குக் கீழே பல நாள் நீடித்தால் மூளையிலிருந்து சினைப்பைக்குப் போக வேண்டிய ஹார்மோன் சமிக்ஞை தடுமாறிவிடும். பி.டி.யையும் டிரில்லையும் பயிற்சிக் கணக்கில் சேர்க்காமல் விடுவதுதான் கேடட்டுகள் வழக்கமாகத் தவறும் இடம். உடம்பு அதைச் சேர்த்துத்தான் கணக்கு வைத்திருக்கிறது.

அழுகையும் மறதியும் இதே கணக்கில்தான் வருகின்றன. 1944–45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில், ஆன்சல் கீஸ் தலைமையில், ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். எரிச்சல், சோர்வு, மனச்சோர்வு, ஒன்றில் கவனம் வைக்க முடியாமை, நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றிய நினைப்பு எல்லாம் வந்தன. அதற்கு முன்பு அவர்கள் மனநலம் குன்றியவர்களாக இருக்கவில்லை. ஆகவே உங்கள் குணம் கெட்டுப்போய்விட்டது என்ற முடிவுக்கு இப்போதே வராதீர்கள். மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கிய பிறகும் அழுகை நீடித்தால், அதை அப்போது தனியாகப் பார்ப்போம்.

இனி கால். இது காத்திருக்கக் கூடாது. சாதாரண 'ஷின் ஸ்பிளின்ட்' வலி எலும்பின் உள்விளிம்பில் 5 செ.மீ.க்கு மேல் பரவலாக இருக்கும், உடம்பு சூடானதும் ஓரளவு குறையும். உங்களுடையது விரல் நுனி அளவு, படுத்தாலும் வலிக்கிறது. இல்லை என்று நிரூபிக்கும்வரை இதை எலும்பு விரிசல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அணிவகுப்பில் நடக்கும் சிப்பாய்களின் வீங்கிய பாதத்தைப் பற்றி பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட் 1855-லேயே எழுதிவிட்டார். அதுவும் இதே வகை எலும்பு விரிசல்தான். உங்கள் துறைக்கு ரொம்பப் பழைய நோய் இது. இன்றிலிருந்து ஓட்டம் கூடாது. ஒற்றைக் காலில் குதித்துப் பார்ப்பதும், டைக்ளோஃபினாக் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடிப் பார்ப்பதும் கூடாது. இந்த வாரமே தஞ்சாவூரில் ஒரு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போகலாம். எக்ஸ்ரே நார்மல் என்றதும் ஷூவைக் கட்டிவிடாதீர்கள், எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். உட்பக்க விரிசல் பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் கூடிவிடும். அதையே ஓடி ஓடி முழு முறிவாக்கினால் கம்பி வைத்துச் சரிசெய்ய வேண்டிவரும்.

கூடவே ஒரு மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். முதல் பரிசோதனை கர்ப்பமா என்றுதான் இருக்கும். கோபப்படாதீர்கள், மாதவிலக்கு நின்ற யாருக்கும் அதுதான் வழக்கம். பிறகு ரத்தத்தில் டி.எஸ்.எச்., புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., எஸ்ட்ரடயால் ஆகிய ஹார்மோன்கள், வைட்டமின் டி, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால், ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்புச் சேமிப்பு குறைந்துவிட்டது என்று பொருள். மூச்சு வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஹார்மோன் மாத்திரை கொடுத்து ரத்தப்போக்கை வரவழைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததாக நினைக்காதீர்கள். மாத்திரையால் வரும் ரத்தம் எலும்பைக் காப்பாற்றாது. சாப்பாடு ஏறி, அதுவாக வர வேண்டும். சில மாதம் ஆகலாம்.

அன்றாடத்தில் கூட்ட வேண்டியது குறைந்தது 700 கலோரி. கேட்கப் பெரிதாக இருக்கும், தட்டில் அப்படி இல்லை. காலையில் எழுந்ததும் ஒரு வாழைப்பழம், 100. பத்து மணிக்கு ஒரு டம்ளர் பாலும் ஒரு கடலை உருண்டையும், 280. மத்தியானம் வழக்கத்தைவிட ஒரு கப் சோறும் ஒரு ஸ்பூன் நெய்யும், 240. படுக்கும் முன் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 140. ஓடாத இந்த எட்டு வாரமும் இதைக் குறைக்கக் கூடாது. எலும்பு கூடுவதற்குத்தான் இந்தச் சாப்பாடு, இழந்த எடை திரும்புவதற்கும் இதுதான். காலையில் பழைய சோறு சாப்பிடும் வீடாக இருந்தால் தயிரும் ஒரு முட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். நம் பக்கத்து ஆட்களால் டிகிரி காபியை விட முடியாது, தெரியும். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், காபி இரும்பை உடம்பில் சேரவிடாது. ஆடி வெள்ளி விரதம் இந்த வருடம் வேண்டாம். கோயிலில் கூழ் ஊற்றினால் இரண்டு செம்பாக வாங்கிக் குடியுங்கள்.

தூக்கம் ஏழு மணி நேரமாவது வேண்டும். கல்லூரிக்குத் திரும்பி, கால் முழுதும் ஆறிய பிறகும் 4 மணி ஓட்டத்துக்குத் திரும்பாமல், பி.டி.யையே அன்றைய ஓட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட ஓட்டம் ஞாயிறு மட்டும். இஸ்ரேல் ராணுவத்தில் புதுப் பயிற்சி வீரர்களுக்கு இரவில் 6 மணி நேரத் தூக்கத்தை உறுதி செய்து, நடையின் மொத்தத் தூரத்தையும் குறைத்தபோது எலும்பு விரிசல் பாதிக்கும் கீழே இறங்கியது. பார்மகாலஜிக்கும் இதே மருந்துதான். பகலில் படித்தது தூக்கத்தில்தான் பதிகிறது.

மெடிக்கல் கேட்டகரி பயம் நியாயமானதுதான். ராணுவ உடல்தகுதிக்கான 'ஷேப்' மதிப்பீட்டில் கை கால், மனநலம் இரண்டுக்கும் தனித்தனி இடம் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் விரிசல் ஆறிவிட்டால் தற்காலிகமாக இறங்கியது மறுபரிசோதனையில் ஏறும். கம்பி வைத்த காலுக்கு அவ்வளவு சுலபமாக ஏறாது. சில வருடம் கழித்து எம்.ஐ. ரூமில் நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது ஒரு ஜவான் இதே வலியை மறைத்துக்கொண்டு வந்து நின்றால் என்ன சொல்வீர்களோ, அதையே இப்போது செய்யுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கால் வலி அல்ல, "ஓடாத நாளில் சாப்பிட மனசே வருவதில்லை" என்ற வரி. சாப்பாட்டை ஓடிச் சம்பாதிக்க வேண்டும் என்று ஆகிவிட்டால் ஓட்டம் உங்களுக்கு ஆர்டர் போடத் தொடங்கிவிட்டது என்றுதான் பொருள். ஒரு சிறு நோட்டில், ஓட முடியாத ஒவ்வொரு நாளும் இரவில் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: குற்ற உணர்ச்சி பத்துக்கு எவ்வளவு, எந்த வேளை சாப்பாட்டைத் தள்ளப் பார்த்தீர்கள், அந்த நேரம் மனதில் ஓடிய வாக்கியம் என்ன. கலோரியும் எடையும் அதில் எழுத வேண்டாம்; மேலே போட்ட கணக்கு ஒருமுறை புரிந்துகொள்ளத்தான். இரண்டு வாரத்தில் எண் இறங்கத் தொடங்கினால் நல்லது. எட்டுக்கு மேலேயே நின்றாலோ, யாருக்கும் தெரியாமல் ஓடப் போனாலோ, அந்த நோட்டோடு ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு எந்த நேரம் வந்தாலும் 14416-க்கு அடியுங்கள். அரசின் டெலி-மானஸ் சேவை, தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

யாரும் ஆர்டர் போடாத அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு வேண்டும். அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. டாக்டர் சரி என்றால் விடியற்காலையில் சைக்கிளை எடுங்கள். நம் ஊர் ரோடு மேடு பள்ளம் இல்லாதது, சீட்டைச் சற்று உயர்த்தினால் காலுக்கு அதிர்ச்சி இல்லை. 40 நிமிடம், பேசிக்கொண்டே ஓட்டும் வேகம் போதும். ஆற்றில் தண்ணீர் வந்ததும் நீச்சல் பயிற்சி என்று இறங்கிவிடாதீர்கள், காவிரிச் சுழல் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார், நீங்கள் வாய் திறக்கக் காத்திருக்கிறார். அவரிடம் நீளமாக விளக்க வேண்டாம். "அம்மா, அஞ்சு மாசமா வரல. ஓடுறதுக்கு ஏத்த மாதிரி சாப்பிடல, அதான். காலும் வலிக்குது. நாளைக்கு டாக்டர்கிட்ட கூட வாங்க. ரெண்டு மாசம் ஓட மாட்டேன்." கடைசி வாக்கியத்தை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், ஓட்டத்தை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லும் பேச்சுக்குப் பாதி வேலை இருக்காது. அப்பாவிடம் கால் விஷயத்தை மட்டும் அம்மா சொல்லட்டும். டீக்கடைக்கு இந்த வருடம் 42 இல்லை என்பதை அவர் தன் போக்கில் சொல்லிக்கொள்வார்.

ஆம், இந்த ஜனவரி முழு மாரத்தான் கிடையாது. எட்டு வாரத்துக்குப் பிறகு, 45 நிமிடம் வேகமாக நடந்தும் ஒரு வாரம் வலி இல்லாவிட்டால், ஒருநாள் விட்டு ஒருநாள் 1 நிமிடம் ஓட்டம், 4 நிமிடம் நடை, ஆறு முறை. வலி இல்லை என்றால் வாரத்துக்கு வாரம் ஓட்டத்தை ஒரு நிமிடம் கூட்டி, நடையை ஒரு நிமிடம் குறையுங்கள். நடந்து பார்க்கும் அந்த ஒரு வாரத்தையும் சேர்த்து, நிற்காமல் 30 நிமிடம் ஓட ஆறு வாரம் பிடிக்கும், செப்டம்பர் முடிந்துவிடும். ஆற்றங்கரை ரோட்டில் ஓடினால் ஒரே ஓரமாகப் போகாதீர்கள், ஓரச் சரிவு ஒரே காலில் பாரத்தை ஏற்றும். மாதவிலக்கு திரும்பி, எடை 50-க்கு மேல் நின்றால், ஜனவரியில் 10 கி.மீ. ஓடலாம்.

பரிசோதனை முடிவுகளின் ஒரிஜினலை எடுத்துப் போய், லீவு முடிந்து சேரும் முதல் நாளே எம்.ஐ. ரூமில் சிக் ரிப்போர்ட் செய்யுங்கள். வலி எப்போது தொடங்கியது என்று கேட்டால் லீவில் வந்தது என்று சொல்லாமல், உண்மையான மாதத்தைச் சொல்லுங்கள். எத்தனை வாரம் பி.டி. விலக்கு தருவது என்பதை அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.