தனித்தனி மோனோப் பதிவுகளை ஸ்டீரியோவாக்கப் பணம் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கோவில் விழாவில் இரவு முழுவதும் நடந்த அண்ணன்மார் கதையை இரண்டு சிறிய ரெக்கார்டர்களில் பதிவு செய்தோம். ஒன்றை உடுக்கை அடித்துக் கதை சொல்பவர் முன்பும், மற்றொன்றைச் சற்றுத் தள்ளி அமர்ந்து பின்பாட்டுப் பாடுபவர் அருகிலும் வைத்திருந்தோம். இரண்டுமே மோனோப் பதிவுகள். இவற்றை ஒரே ஸ்டீரியோ ஃபைலாக்குவது குறித்துக் கோவையில் ஒரு கடையில் விசாரித்தபோது, "அதுக்குன்னு தனி சாஃப்ட்வேர் வாங்கோணுங்க, சும்மா கெடைக்கறதுல அது ஆகாதுங்க" என்று சொல்லி 14,000 ரூபாய் கேட்டார்கள். வாங்கலாமா?
— வாசகர், காங்கேயம்

பதில்: வாங்க வேண்டியதில்லை. ஒரே ஒலித்தடம் கொண்டது மோனோ; இடது, வலது காதுகளுக்குத் தனித்தனித் தடம் (சேனல்) கொண்டது ஸ்டீரியோ. இரண்டு மோனோ ட்ராக்குகளை இணைப்பது ஒலித்தொகுப்பு மென்பொருள்கள் செய்யும் மிக எளிய வேலைகளுள் ஒன்று. கட்டணமின்றிக் கிடைக்கும் ஆடாசிட்டியே இதற்குப் போதும். 2000ஆம் ஆண்டு முதல் வெளிவந்துகொண்டிருக்கும் இந்தத் திறமூல மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குகிறது. இதை ஒருவர் குறுந்தகட்டில் போட்டு விலைக்கு விற்றாலும் அதன் உரிமம் அதைத் தடுப்பதில்லை என்பதால், விலை வைத்து விற்பதையே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. இலவசமாகக் கிடைப்பதில் இந்த வேலை நடக்காது என்று சொல்வதுதான் தவறு.

செய்முறை இதுதான். இரண்டு ஃபைல்களையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தால் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு ட்ராக்குகளாகத் தோன்றும். மேலே உள்ள ட்ராக்கின் பெயருக்கு அருகில் திறக்கும் பட்டியலில் 'மேக் ஸ்டீரியோ ட்ராக்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், மேலே இருந்தது இடது சேனலாகவும் கீழே இருந்தது வலது சேனலாகவும் இணைந்துவிடும். ஒன்று 44,100 ஹெர்ட்ஸிலும் மற்றது 48,000 ஹெர்ட்ஸிலும் பதிவாகியிருந்தால், அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளவிடப்பட்டது என்னும் எண்ணிக்கை வேறுபட்டால், இணைப்பதற்கு முன்பே இரண்டையும் ஒரே எண்ணிக்கைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இவ்வளவு எளிதானதை உங்கள் பதிவுக்கு அப்படியே செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. இவ்வாறு இணைத்தால் கதை சொல்பவர் முழுவதுமாக இடது காதிலும், பின்பாட்டுக்காரர் முழுவதுமாக வலது காதிலும் ஒலிப்பார்கள். ஹெட்ஃபோனில் சிறிது நேரம் கேட்டாலே தலை ஒரு பக்கமாக இழுப்பது போல இருக்கும். இரவு முழுவதும் நடக்கும் கதையை அப்படிக் கேட்க இயலாது. அதற்குப் பதிலாக, ட்ராக்குகளைத் தனித்தனியாகவே விட்டுவிட்டு, ஒவ்வொன்றின் இடப்புறத்திலும் உள்ள 'பேன்' என்னும் நகர்த்தியைக் கொண்டு கதை சொல்பவரை இடப்பக்கம் 20 அல்லது 30 விழுக்காடும், பின்பாட்டை வலப்பக்கம் அதே அளவும் தள்ளி வையுங்கள். இருவரும் ஒரே திண்ணையில் அமர்ந்திருப்பது போன்ற இயல்பு அப்போதுதான் வரும். ஒலியளவுகளைச் சரிசெய்துகொண்டு ஸ்டீரியோ ஃபைலாக ஏற்றுமதி செய்தால் வேலை முடிந்தது.

உண்மையான சிக்கல் நேரப் பொருத்தத்தில் இருக்கிறது. கடைக்காரர் அதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஒவ்வொரு ரெக்கார்டரும் தன்னுள் இருக்கும் படிகத்தின் துடிப்பைக் கொண்டுதான் நேரத்தைக் கணக்கிடுகிறது. இரண்டு கருவிகளின் படிகங்கள் மிகச் சரியாக ஒத்துப்போவதில்லை. பத்து இலட்சத்தில் இருபது பங்கு என்ற மிகச் சிறிய வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிவிநாடி விலகிவிடும். ஆறு மணி நேரக் கதையின் முடிவில் ஏறத்தாழ அரை விநாடி ஆகிவிடும். அதன் பின் உடுக்கையின் ஒவ்வோர் அடியும் இரண்டு முறை கேட்கும். முழு இரவின் பதிவையும் வேகத்தை மாற்றி நீட்டிச் சரிசெய்வதற்கு வழி உண்டென்றாலும், கதை சொல்பவர் தேநீருக்கும் வெற்றிலைக்கும் நிறுத்திய இடங்களில் இரண்டு ட்ராக்குகளையும் வெட்டி, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் உடுக்கையின் ஒரு தெளிவான அடியை வைத்துப் பொருத்துவதே எளிது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்த அடி செங்குத்தாக எழுவது கண்ணுக்கே தெரியும். அடுத்த முறை பதிவு செய்யும்போது தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டு கருவிகளுக்கும் நடுவே நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிவிடுங்கள்.

இறுதியாக, முடிந்த ஃபைலை மோனோவாகவும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கோவில் கூம்பு ஒலிபெருக்கியும் பெரும்பாலான சிறிய புளூடூத் ஸ்பீக்கர்களும் இரண்டு சேனல்களையும் ஒன்றாகக் கலந்தே ஒலிக்கச் செய்கின்றன. மைக்குகளுக்கு இடையே ஏழு மீட்டர் இருந்தால் ஒரே குரல் ஒன்றில் பதிவாகி ஏறத்தாழ 20 மில்லிவிநாடி கழித்தே மற்றதில் பதிவாகிறது. கலக்கும்போது குரல் குடத்துக்குள் இருந்து வருவது போலத் தோன்றினால், தொலைவில் இருக்கும் மைக்கின் அளவைக் குறைத்துவிடுங்கள். கலந்தவுடன் குரல் மெலிந்து மறைவது போல இருந்தால், ஒரு ட்ராக்கைத் தேர்ந்தெடுத்து, அலைவடிவத்தைத் தலைகீழாக்கும் 'இன்வர்ட்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: என் தாத்தா பாடிய கும்மிப் பாடல்கள் பழைய கேசட்டுகளில் இருந்தன. அவற்றைக் கணினி ஃபைலாக மாற்றித் தரும் கோவைக் கடை ஒன்று, 'ஸ்டீரியோ மாற்றம்' என்று ஒரு கேசட்டுக்கு 250 ரூபாய் கூடுதலாக வாங்கியது. இரண்டு காதிலும் ஒலி கேட்கிறது. ஆனால் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா?
— வாசகர், பவானி

பதில்: சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த ஃபைலை ஆடாசிட்டியில் திறந்து, முதல் பதிலில் சொன்ன ட்ராக் பட்டியலில் 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' என்பதைக் கொடுத்தால் அது இரண்டாகப் பிரியும். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து 'இன்வர்ட்' செய்து, இரண்டையும் சேர்த்து ஒலிக்கச் செய்யுங்கள். முழு அமைதி நிலவினால், ஒரே பதிவை இரு பக்கமும் நகலெடுத்திருக்கிறார்கள் என்பது உறுதி. பாடல் மறைந்து நாடாவின் இரைச்சலும் கூரிய ஓசைகளும் மட்டும் மெலிதாக எஞ்சினால், மோனோக் கேசட்டை ஸ்டீரியோ டெக்கில் ஓட்டியிருக்கிறார்கள். கேசட்டில் இடது, வலது தடங்கள் அடுத்தடுத்து இருப்பதால் மோனோப் பதிவு இரண்டிலும் பரவியிருக்கும், இரைச்சல் மட்டுமே தடத்துக்குத் தடம் மாறும். இந்த இரண்டில் எதுவாக இருந்தாலும் அது ஸ்டீரியோ அன்று. ஒரே மைக்கில் பதிவான குரலுக்கு எந்தத் திசையிலிருந்து வந்தது என்ற செய்தியே இல்லாதபோது, பின்னால் அதைச் சேர்க்க எந்தக் கடையாலும் இயலாது. தாழ்ந்த ஒலியை ஒரு பக்கமும் உயர்ந்த ஒலியை மறு பக்கமும் பிரித்துக் காட்டும் வித்தைகள் உண்டு, தாத்தாவின் குரலுக்கு அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இதில் இன்னோர் இழப்பும் இருக்கிறது. 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ் அளவில் சுருக்கப்படாத வேவ் ஃபைலாக ஒரு மணி நேரப் பதிவு மோனோவில் ஏறத்தாழ 317 எம்பி. அதையே இரு பக்கமும் நகலெடுத்தால் 635 எம்பி. பாதுகாத்து வைப்பதற்கு மோனோவே போதும்.

பணத்தைப் பொறுத்தவரை, ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முதன்மையானது. 'ஸ்டீரியோ மாற்றம்' என்று எழுதிக் கட்டணம் வாங்கியிருந்தால், கூடுதல் தொகையைத் திருப்பித் தருமாறு கடைக்கு எழுத்து வடிவில் கேளுங்கள். ரசீதே தர மறுப்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறைதான். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கடை கோவையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்தை வைத்து ஈரோடு ஆணையத்திலேயே புகார் அளிக்கச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை ஐந்து இலட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். ஆயினும் சில கேசட்டுகளுக்கான தொகைக்கு ஆணையம் வரை போகுமுன் 1915ஐ முயன்று பார்ப்பதே நல்லது.

கேள்வி: நாதஸ்வரம், தவில் கச்சேரியை ஸ்டீரியோவில் பதிவு செய்ய இரண்டு யுஎஸ்பி மைக்குகள் வாங்க எண்ணுகிறேன். சரியா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: சரியன்று. ஒவ்வொரு யுஎஸ்பி மைக்கும் தனக்கெனத் தனிக் கடிகாரம் கொண்டது என்பதால் முதல் கேள்வியில் சொன்ன விலகல் இங்கும் வரும். மேலும் இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்கப் பல மென்பொருள்கள் மறுக்கும். அதே தொகையில் இரண்டு மைக் உள்ளீடுகள் கொண்ட ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) யுஎஸ்பி அல்லாத சாதாரண மைக்குகள் இரண்டும் வாங்குங்கள். இரண்டும் ஒரே கடிகாரத்தில் பதிவாவதால் ட்ராக்குகள் விலகுவதில்லை. இயங்க மின்சாரம் தேவைப்படும் கன்டென்சர் வகை மைக் வாங்கினால் அந்த இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் மின்சாரம் வழங்கும் வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கணினியைக் கச்சேரிக்கு எடுத்துச் செல்ல முடியாதென்றால், இரண்டு மைக்குகள் ஒன்றையொன்று குறுக்கிட்டாற்போல் அமைந்த கைரெக்கார்டர் ஒன்றே போதும். தவில் மிகுந்த ஓசை எழுப்புவது என்பதால், எதை வாங்கினாலும் கடையிலேயே பலத்த ஒலியைப் பதிவு செய்து, அலைவடிவத்தின் முனைகள் தட்டையாக வெட்டுப்படாமல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.