தாத்தா ஏன் கப்பல் ஏறினார்?

கேள்வி: என் மகள் ஏழாவது படிக்கிறாள். குடும்பம் எங்கிருந்து வந்தது என்று எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். என் மாமனார் இலங்கை மலையகத் தோட்டத்தில் பிறந்து, 1974-ல் கப்பலேறி ராமேஸ்வரம் வந்தவர். கேட்டால் "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று எழுந்து போய்விடுகிறார். பழைய கஷ்டத்தைச் சின்னப் பிள்ளையிடம் சொல்லத்தான் வேண்டுமா?
- வாசகி, கூடலூர்

பதில்: சொல்லத்தான் வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால், "சிலோன்காரங்க, அங்கே பிழைக்க முடியாம ஓடி வந்தவங்க" என்று வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், அவளும் நம்பிவிடுவாள்.

"உங்க கதையைச் சொல்லுங்க மாமா" என்றால் யார்தான் பேசுவார்? பேத்தியே கேட்கட்டும், அதுவும் சின்னச் சின்னதாக. காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு) யார் எழுப்பிவிடுவார்கள், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு காம்பராவில் (அறையில்) எத்தனை பேர் படுப்பீர்கள், உங்க அம்மா கொழுந்துக் கூடையை எப்படி மாட்டிக்கொண்டு போவார்கள், வேலையை மேற்பார்க்கிற கங்காணி திட்டுவாரா... நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் போதும்.

அப்புறம் பெட்டியில் பழைய பாஸ்போர்ட் இருந்தால் எடுத்துக் கொடுங்கள். இலங்கையில் பிறந்தவருக்கு எதற்கு இந்தியப் பாஸ்போர்ட் என்று அவளே கேட்பாள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வெள்ளைக்காரர்கள் இங்கிருந்து காப்பித் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போனது, காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது எல்லாம் இரண்டு வரி போதும். 1948-ல் நில்லுங்கள். அந்த ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அப்பாவும் இலங்கையில் பிறந்தவர் என்பதற்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் அது இருக்கும்? தலைமுறைகளாக அங்கே உழைத்த லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள்.

1964 அக்டோபர் 30-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சம் எத்தனை என்று அவளே கழித்துப் பார்க்கட்டும். 1974-ல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மனிதர்களை இப்படி எண்ணிப் பங்கு போட்டது ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு நன்றாகவே உறைக்கும், நாம்தான் புரியாது என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் உங்கள் மாமனாரை வெறும் பாவப்பட்டவராகக் காட்டிவிடாதீர்கள். இந்தியக் குடியுரிமை கேட்டு அவரே விரும்பியும் மனு போட்டிருக்கலாம். 1973-74-ல் தோட்டங்களில் கடும் பஞ்சம், வேறு வழி தெரியாமல் கிளம்பியவர்களும் உண்டு. அதையும் கேட்கட்டும். கப்பலில் வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் என்ன கொடுத்தார்கள், அங்கிருந்து நீலகிரிக்கு எப்படி வந்தார் என்பதும் வேண்டும். இப்படி வந்தவர்களுக்காகத்தான் 1968-ல் தமிழ்நாடு அரசு, இன்று டான்டீ என்று சொல்லப்படும் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கடல் தாண்டி வந்தும் பலருக்குக் கிடைத்தது அதே கொழுந்து வேலைதான்.

கூடப்பிறந்தவர் யாராவது அங்கேயே தங்கிவிட்டார்களா என்பதைக் கடைசியில் கேட்கலாம். ஒரே குடும்பத்தில் சிலருக்கு அந்த நாடு, சிலருக்கு இந்த நாடு என்று பிரிந்தவர்கள் நிறைய. அவர் எழுந்து போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், வற்புறுத்தாதீர்கள். எழுதியதைப் பள்ளிக்குக் கொடுப்பதற்கு முன் அவருக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்ற வரிகளை அடித்துவிடலாம்.