ஏற்காட்டு நிழலுக்கு ஏற்ற கோரல் பெல்ஸ்

கேள்வி: ஏற்காட்டில் சில்வர் ஓக் மர நிழலில் உள்ள எங்கள் வீட்டுத் தோட்டத்தில் வண்ண இலைகளுக்காகக் கோரல் பெல்ஸ் வளர்க்க விரும்புகிறேன். எந்த இரகங்களை வாங்கலாம்? சேலத்தில் அக்கா வீட்டிலும் அவை வளருமா?

பதில்: வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியை நிறத்தை மட்டும் பார்த்து வாங்காமல், எந்த இனத்தின் வழிவந்தது என்பதையும் கேட்டறியுங்கள். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்குரிய வில்லோசா இனத்திலிருந்து வந்த இரகங்கள் வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குவதால், சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள உங்கள் ஊருக்கு அவற்றையே முதலில் பரிந்துரைப்பேன். பொன்னிறம் கலந்த ‘கேரமல்’, எலுமிச்சை மஞ்சளான ‘சிட்ரோனெல்’ ஆகிய இரண்டும் அவ்வகையே. பின்னது வெயிலில் எளிதில் கருகிவிடும் என்பதால் அது நிழலிலேயே இருக்கட்டும். காலை வெயில் படும் ஓரத்துக்குக் கருஞ்சிவப்பு இலைகள் கொண்ட ‘பேலஸ் பர்ப்பிள்’ மிகவும் பொருந்தும்.

மலையில் வெயிலைவிட மழையே இச்செடிக்குப் பெரிய சோதனை. வேரடியில் நீர் தேங்கினால் தண்டின் அடிப்பகுதி அழுகிவிடும் என்பதால், மக்கிய இலையுரமும் மணலும் கலந்த மேட்டுப்பாத்தியில், தண்டின் அடி மண்ணில் புதையாதவாறு நடுங்கள்.

சேலத்துக் கோடை இதற்கு ஒத்துவராது. அக்காவுக்குக் கோலியஸ் வாங்கிக் கொடுங்கள்; நிறங்களில் குறைவில்லாத அச்செடி வெப்பத்தைத் தாங்கும், கிள்ளி நட்டாலே வேர்விடும்.