தண்ணீர் பழுப்பானது கம்பியால், ரசாயனத்தால் அல்ல

கேள்வி: எங்கள் ஊரில் தோல் தொழிற்சாலைகள் அதிகம். 'உங்கள் போர் தண்ணீரில் அழியாத ரசாயனம் இருக்கிறது, சென்சாரில் காட்டுகிறேன்' என்று ஒருவர் வந்தார். தம்ளரில் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுத்ததும் தண்ணீர் பழுப்பாகிவிட்டது. கையடக்கக் கருவி ஒன்றை 6,000 ரூபாய்க்குத் தருகிறாராம். வாங்கலாமா? (வாசகி, ஆம்பூர்)

பதில்: வேண்டவே வேண்டாம். அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. கரண்ட் ஓடினால் இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். நீங்கள் பார்த்த பழுப்பு அதுதான். பக்கத்தில் வைத்த ஆர்ஓ தண்ணீர் தெளிவாகவே இருந்திருக்குமே? அதில் உப்பு குறைவு, கரண்ட் ஓடவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை வந்தால் அந்த ஆர்ஓ தம்ளரில் ஒரு சிட்டிகை உப்பு போடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும், அவரும் கிளம்பிவிடுவார். கரண்ட் ஓடும்போது தண்ணீரில் விரல் வைக்காதீர்கள்.

அழியாத ரசாயனம் என்பது பிஎஃப்ஏஎஸ் வகை. தண்ணீர், எண்ணெய் ஒட்டாமலிருக்கப் பூசுபவை. இவற்றில் இரண்டுக்கு அமெரிக்கா 2024-இல் வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கக் கடையில் விற்கும் கையடக்க டிடிஎஸ் பேனாவின் கடைசி இலக்கமோ லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதாவது அந்த வரம்பைவிட இரண்டரை லட்சம் மடங்கு பெரியது. பேனா காட்டுவது உப்பை மட்டுமே.

மின்முனையை வைத்து ரசாயனத்தை அளக்கும் எலெக்ட்ரோகெமிக்கல் சென்சார் என்பதே பொய்யா என்றால், இல்லை. ஈயம், காட்மியத்துக்கு அது அருமையாக வேலை செய்யும். உலோகத்தைச் சில நிமிடம் மின்முனையில் படியவைத்து, பிறகு வோல்டேஜை மாற்றி உரித்தெடுப்பார்கள். ஒவ்வோர் உலோகமும் தனக்கென்று ஒரு வோல்டேஜில்தான் கிளம்பும், அப்போது ஓடும் கரண்ட் அளவைச் சொல்லிவிடும். மைக்ரோகிராம் அளவுகூடத் தெரியும், தூக்கிச் செல்லும் கருவிகளும் உண்டு. பிஎஃப்ஏஎஸ் அப்படி எலெக்ட்ரான் கொடுக்கல் வாங்கலுக்கு எளிதில் வராது. அதனால் மின்முனையில் அந்த மூலக்கூறு பொருந்தும் குழிகளை உருவாக்கி, அவை அடைபடுவதை வைத்து அளக்க ஆராய்ச்சியாளர்கள் முயல்கிறார்கள். சுத்தமான தண்ணீரில் நன்றாக வருகிறது. போர் தண்ணீரில் உள்ள மற்ற சரக்கும் வந்து அடைத்துக்கொள்வதுதான் தொல்லை. வீட்டுக்கு வாங்கி நம்பும் நிலைக்கு இன்னும் வரவில்லை.

ஃப்ளோரைடு நார்மல் என்ற ரிப்போர்ட்டைக் காட்டி பிஎஃப்ஏஎஸ் இல்லை என்பவர்களும் உண்டு. அந்தச் சோதனை தனி ஃப்ளோரைடைத்தான் பார்க்கும், கார்பனோடு பிணைந்த ஃப்ளோரினைப் பார்க்காது.

நம் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-இல் இவற்றுக்கு வரம்பே இல்லை. வரம்பில்லாததை யார் தேடுவார்கள்? தேடாமல் வரம்பு எப்படி வரும்? ஆய்வகக் கவுன்டரில் கேட்டால், பாரத்தில் அந்தக் கட்டம் இல்லை என்பார்கள். இந்தச் சந்தில்தான் 'சாம்பிள் எடுக்கிறேன்' என்று ஏஜென்ட் நுழைகிறார். ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் முத்திரையை மட்டும் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். அந்த ஆய்வகத்தின் அங்கீகாரப் பட்டியலில் தண்ணீரில் பிஎஃப்ஏஎஸ் சோதனை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சாம்பிளை அந்த ஆய்வகம் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும்.

உங்கள் ஊருக்கு முதலில், தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் பாருங்கள். அதற்கு வரம்பு உண்டு, லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். செலவும் குறைவு.

கொதிக்கவைத்தால் பிஎஃப்ஏஎஸ் போகாது. நல்ல ஆர்ஓ பெரும்பகுதியை எடுத்துவிடும், அதன் மெம்பரேனை (வடிகட்டும் சவ்வை) நேரத்துக்கு மாற்றினால். மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பழையதைத் துடைத்துப் போட்டு பில் கொடுக்கும் சர்வீஸ்காரர்களும் இருக்கிறார்கள்.