மெல்லும்போது தாடை வலித்தால் டாக்டர் ஏன் கண்ணைப் பார்க்கிறார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த் பக்கம் எழுபதைத் தாண்டிய பாட்டிக்கு மட்டன் மென்றால் தாடை வலிக்கிறது, பல்லில் கோளாறில்லை. சரி, அப்புறம் எதற்குக் கண் பரிசோதனை?

இது ராட்சத செல் தமனி அழற்சியாக இருக்கலாம். 50 வயதுக்கு மேல்தான் வரும். உடலின் எதிர்ப்புச் சக்தியே ரத்தம் கொண்டுபோகும் தமனியின் சுவரைத் தாக்க, உப்புப் படிந்த பழைய குழாய் மாதிரி உள்வழி குறுகுகிறது. தாடைத் தசைக்கு ரத்தம் போதாவிட்டால் வலி. கண் நரம்புக்குப் போதாவிட்டால் பார்வையே போகும், திரும்புவது அரிது. அபூர்வமாக நாக்கோ உச்சந்தலைத் தோலோ கருகிப் புண்ணாகும்.

அதனால் தமனியில் சிறு துண்டெடுத்துப் பார்க்கும் பரிசோதனைக்குக் காத்திராமல் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கிவிடுவார்கள், பெரும்பாலும் தினம் 40–60 மில்லிகிராம். அது சர்க்கரையை ஏற்றும். நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது இதுதான். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டோசிலிசுமாப் ஊசி போட்டால் ஸ்டீராய்டைக் குறைக்கலாம், ஆனால் காசநோய் இல்லையென்று முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

ஓரிரு நாளில் வலி போனதும் நோயும் போய்விட்டதென்று பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். அழற்சி முழுதாக அடங்க ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.