பதிவேட்டு எண் வேறு, அலமாரி எண் வேறு

கேள்வி: கோபி பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையா இருக்கேனுங்க. இந்த வருஷம் நூலகப் பொறுப்பையும் சேர்த்துக் குடுத்துட்டாங்க. மூணு பீரோ, சுமார் 1,500 புத்தகம். மேல எழுதியிருக்கிற எண் வரிசையில அடுக்கியிருக்குது. ஆனா பிள்ளைங்க கேக்கற புத்தகத்தை எடுக்க முடியலீங்க. எங்கிருந்து தொடங்கறது?

பதில்: அந்த எண் அக்செஷன் எண். புத்தகம் வந்து சேர்ந்த வரிசையைத்தான் அது சொல்லும். தணிக்கைக்கு வேண்டும், தேடுவதற்கு ஆகாது. எனவே அடுக்கைக் கலைக்குமுன் அக்செஷன் பதிவேட்டை வைத்து ஒருமுறை சரிபாருங்கள். பிரதி ஒன்றுக்கு ஓர் எண். ஒரே நூலில் ஐந்து பிரதி இருந்தால் ஐந்து எண். தொலைந்த நூலின் எண்ணைப் புதிய நூலுக்குக் கொடுக்க வேண்டாம். குறிப்புப் பத்தியில் ‘தொலைந்தது’ என்று தேதியோடு எழுதினால் போதும்.

அடுக்குவதற்கு டியூயி தசம எண், அதாவது நூல் எதைப் பற்றியது என்று பார்த்துப் போடும் எண். பள்ளிக்கு மூன்று இலக்கம் பெரும்பாலும் போதும்: கணிதம் 510, இயற்பியல் 530, தாவரங்கள் 580, விலங்குகள் 590. தமிழ் நூல்கள்தான் அதிகம் என்பதால் அங்கே மட்டும் நீட்ட வேண்டும். தமிழ் இலக்கியம் 894.811. அதன் பின் 1 சேர்த்தால் கவிதை, 2 நாடகம், 3 கதை. இங்கே ஒரு வழுக்கல் உண்டு: 894.8113 நாவல், 494.8113 தமிழ் அகராதி. முதல் இலக்கம் மாறினால் அகராதி கதைப் புத்தகங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும்.

மொழிபெயர்ப்பு மூலமொழியோடு போகும். ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதியவர். அவர் நாவல் தமிழில் வந்தாலும் ஆங்கிலக் கதைக்குரிய 823தான்.

உள்ளூர் நூல்களில்தான் தடுமாற்றம் வரும். காங்கேயம் மாடு 636.2, தென்னை வளர்ப்பு 634.61, இவற்றில் சிக்கல் இல்லை. பவானி ஜமக்காளம் பற்றிய நூல் தொழிலைப் பேசினால் 677, கைவினையைப் பேசினால் 746. இரண்டும் கலந்திருந்தால் எது அதிகமோ அதற்குக் கொடுத்து, முடிவை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு இன்னொருவர் அதே பொருளுக்கு வேறு எண் போடுவதுதான் நூலகங்களைக் குழப்புகிறது. சற்றுத் தவறான எண்கூட ஒரே மாதிரி இருந்தால் தேடிவிடலாம்.

எண்ணுக்குக் கீழே ஆசிரியர் பெயரின் முதல் இரண்டு எழுத்து. தலைப்பெழுத்தில் தொடங்காதீர்கள். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 894.8113 / சண். ‘ஆர்’ என்று போட்டால் ஆர். என்று தொடங்கும் அத்தனை பேரும் ஒரே இடத்தில் குவிவார்கள். புனைபெயரில் அறியப்பட்டவருக்கு அந்தப் பெயரே. கல்கி, கல்கியாகவே இருக்கட்டும். வாழ்க்கை வரலாற்றில் எழுதியவரை விட்டுவிட்டு வாழ்ந்தவர் பெயர்: தீரன் சின்னமலை பற்றி யார் எழுதினாலும் 920 / தீர. திருக்குறள் உரைகளை உரையாசிரியர் வாரியாகப் பிரிக்காமல் 894.8111 / திரு என்று ஒரே இடத்தில் வைப்பது பிள்ளைகளுக்கு வசதி.

எண்ணை முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். மாற்ற நேர்ந்தால் அழிக்கலாம். ஒரு பீரோ முழுக்க முடிந்தபின் புத்தக முதுகில் லேபிள் ஒட்டுங்கள், அடியிலிருந்து 3 செ.மீ. உயரத்தில், எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக. 16 பக்கச் சிறுவர் நூலுக்கு முதுகே இருக்காது. முன்னட்டையின் இடது கீழ் மூலையில் ஒட்டலாம். மைதாப் பசை வேண்டாம், பூச்சி தேடிவரும். லேபிள் மேல் கண்ணாடி டேப்பை இருபுறமும் சற்று நீட்டி ஒட்டினால் ஓரம் பெயராது.

கணினியில் பட்டியல் போடுவதானால் யூனிகோடு எழுத்துருவிலேயே தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் திரையில் தமிழாகத் தெரியும், யூனிகோடில் தேடினால் அகப்படாது. அகரவரிசைப்படுத்திய பிறகும் ழ, ள, ற, ன பெயர்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள். யூனிகோடு அட்டவணை வரிசையும் நம் நெடுங்கணக்கும் அந்த எழுத்துகளில் ஒத்துப்போவதில்லை.

கதைப் புத்தகப் பீரோவில் தொடங்குங்கள். பிள்ளைகள் அதிகம் கேட்பதும் அதுதான், எண் போட எளிதும் அதுதான். நாளுக்கு 20 புத்தகம் வைத்தால் 75 வேலைநாளில் மூன்று பீரோவும் முடியும்.